அமரர் தவம், பாடலாசிரியர்

தவமலர் இறந்துபோன செய்தி அவருக்கு ஒரு செவ்வாய்க்கிழமை காலை, தோர்ண்டன் ஹீத்தில் உள்ள தமிழ்க் கடையில் வைத்துத் தெரியவந்தது. அப்போது அவர் கையில் ஒரு கட்டு வல்லாரை இருந்தது. வாடல் ஏதும் உள்ளே ஒளிந்திருக்கிறதா என்று புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். கடை வானொலியில் ஒரு கிற்றார் உறுமியது. பிறகு ட்ரம். பிறகு அறுபது வருடத்துக்கு முந்தைய ஒரு இளைஞனின் குரல்.

நில்லு நில்லு எட்டுப் பத்தே,
நெஞ்சு துள்ளுது, கொஞ்சம் நில்லு!
சட்டிக்குப் பொத்தல் இல்லை,
சாக்குச் சொல்ல நேரம் இல்லை,
நில்லு நில்லு எட்டுப் பத்தே!

தவமலர் வல்லாரையைக் கீழே வைத்தார். பாட்டு முடிந்ததும் அறிவிப்பாளர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“நேயர்களே, இந்த ரொக் அன்ட் ரோல் பாடலை எழுதியவர் அமரர் தவம் அவர்கள். 1971ஆம் ஆண்டு எம்மை விட்டுப் பிரிந்த அந்த மாபெரும் இளைஞனுக்கு இந்த வருடம் லண்டனில் விழா எடுக்கப்படுகிறது.”

“இது என்ர,” என்றார் தவமலர்.

கடைக்காரர் வல்லாரையைப் பார்த்தார். “ஓம் அம்மா, உங்கடதான். பையில போட்டுத் தரட்டோ?”

தவமலருக்கு எண்பத்தொரு வயது. பாட்டு அவருடையதுதான். 1963இல் அவர் கொழும்புக் கோட்டையில் ஒரு கப்பல் கம்பனியில் தட்டெழுத்தாளராக இருந்தார். மேல்மாடியில் கணக்குப் பிரிவில் மெல்வின் என்ற பறங்கி இளைஞன் வேலை செய்தான். வேலை செய்தான் என்பது மரியாதைக்குச் சொல்வது. அவன் கிற்றார் வாசித்தான். அவனுடைய இசைக்குழுவை வெள்ளவத்தைக் கலியாண வீடுகளில் விரும்பினார்கள், ஆனால் தமிழில் பாடச் சொன்னார்கள். மெல்வினுக்குத் தமிழ் அரைகுறை. ஆகவே மதிய இடைவேளைகளில் அவன் மெட்டை மேசையில் விரலால் தட்டிக் காட்டுவான். தவமலர் அந்தத் தாளத்துக்குச் சொற்களைத் தட்டெழுதுவார். அலுவலகத்தில் இருந்தது ஆங்கிலத் தட்டெழுத்துப் பொறி. மெல்வினுக்கும் ஆங்கில எழுத்தில் இருந்தால்தான் வாசிக்க வரும். மேலாளரின் காலடி கேட்டால் அதே தாளில், அதே வேகத்தில், “தங்கள் பதினான்காம் தேதிய கடிதம் கிடைத்தது” என்று ஆங்கிலத்தில் தொடர்வார்.

எட்டுப் பத்து என்பது வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்குப் போகும் காலை ரெயில். தவமலர் அதை வாரத்தில் இரண்டு நாள் தவறவிடுவார். ஒரு நாள் ஓடும்போது சட்டையின் பொத்தான் தெறித்துவிட்டது. அன்று மதியம் எழுதிய வரி, “சட்டைக்குப் பொத்தான் இல்லை.” பொறியில் ஆங்கில ஏ எழுத்து இடைக்கிடை இறுகித் தாளில் விழாது, கார்பன் தாளும் பழையது. ஒலிப்பதிவுக் கூடத்தில் மெல்வின் தன் கண்ணுக்குத் தெரிந்ததைப் பாடினான். சட்டை சட்டியானது. பொத்தான் பொத்தலானது.

ஏழு பாட்டுகள் எழுதினார். ஒன்று மட்டும் இசைத்தட்டாக வந்தது. ஒரு பெண்பிள்ளையின் பெயர் இருந்தால் கன்னியாஸ்திரிகளின் பள்ளிக்கூடங்களில் தட்டைத் தடைசெய்துவிடுவார்கள் என்று இசைத்தட்டுக் கம்பனியின் மனேஜர் கவலைப்பட்டார். “மலரை விட்டுவிடுவம்,” என்றார். தவம் மிஞ்சியது. தவமலரின் அப்பா, மகள் ஓவர்டைம் செய்கிறாள் என்று கடைசிவரை நம்பினார். 1966இல் மெல்வின் அவுஸ்திரேலியாவுக்குக் கப்பலேறினான், பிறகு ஒரு கடிதமும் இல்லை. ரொக் அன்ட் ரோல் அத்துடன் தவமலரின் வாழ்க்கையிலிருந்து இறங்கிக்கொண்டது. 1983 கலவரத்தில் வீடு எரிந்தபோது மிச்சமிருந்த கார்பன் பிரதிகளும் எரிந்தன. லண்டனுக்கு வந்து ஒரு கவுன்சிலில் இருபது வருடம் மற்றவர்களின் கடிதங்களைத் தட்டெழுதி ஓய்வுபெற்றார். கலியாணம் செய்துகொள்ளவில்லை. பாட்டெழுதிய விஷயம் தெரிந்த ஒரே உயிர் அவருடைய தம்பி யோகராஜா. மனைவி இறந்தபிறகு அவரும் அக்காவின் வீட்டில்தான் இருக்கிறார்.

“அக்கா, விடுங்கோ,” என்றார் யோகராஜா அன்று பின்னேரம். “உயிரோட இருக்கிறது எங்களுக்குத் தெரியுந்தானே.”

“ரெண்டு திருத்தந்தான் யோகன். நான் சாகேல்லை. அது பொத்தான். இந்த ரெண்டையும் சொல்லிப்போட்டு வந்திடுவன்.”

விழாவை நடத்துவது ஆரம்பகாலத் தமிழ் ரொக் இசைப் பாரம்பரிய மையம். அது வால்தம்ஸ்டோவில் ஒரு கம்பளக் கடைக்கு மேலே இரண்டு மாடிகளில் இருந்தது. வாசலில் மையத்தின் சின்னம் பித்தளையில் பளபளத்தது. ஒரு சட்டி. கீழே, “பொத்தல் இல்லை” என்ற வாசகம்.

தவமலர் சின்னத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஒரு திருத்தம் பித்தளையில் இருக்கும் என்று அவர் எதிர்பார்த்திருக்கவில்லை.

முதல் மாடியில் சரிபார்ப்பு அலுவலர் பிரவீணன் இருந்தான். முப்பத்தைந்து வயது, நல்ல பிள்ளை. எழுந்து நின்று கதிரை போட்டான். எல்லாவற்றையும் கேட்டான். பிறகு மிகுந்த கவலையோடு மேசை லாச்சியைத் திறந்தான்.

“அன்ரி, எங்களிட்ட ரெண்டு பிரிவு. இது மறைந்தோர் பிரிவு. மேல்மாடி வாழ்வோர் பிரிவு. தவத்தின்ர பைல் இஞ்சதான் இருக்குது.”

“அப்ப அதை மேல அனுப்பிவிடுங்கோவன் தம்பி.”

“அனுப்பலாம். அதுக்குச் சம்பந்தப்பட்ட கலைஞர் கையெழுத்து வைக்கவேணும்.”

“நான் வைக்கிறன்.”

“நீங்கள் கலைஞர் எண்டு உறுதியானால்தான் வைக்கேலும். உறுதி செய்யிறது வாழ்வோர் பிரிவின்ர வேலை. அவையள் பைல் மேல வந்தால்தான் பாப்பினம்.” அவன் பெருமூச்சுவிட்டான். “கலைஞர் இறந்திருந்தால் வாரிசுகள் கையெழுத்து வைக்கலாம்.”

“மேல ஆர் இருக்கினம்? நான் போய்க் கதைக்கிறன்.”

“மேல பூட்டியிருக்குது அன்ரி. இன்னும் ஒருத்தரும் தகுதி பெறேல்லை.”

1971 எங்கிருந்து வந்தது என்று தவமலர் கேட்டார். பிரவீணன் விதிக்கோவையை எடுத்துக் காட்டினான். கடைசிப் படைப்பு வெளிவந்து ஐந்து வருடம் மௌனமாக இருக்கும் கலைஞர் காலமானவராகக் கொள்ளப்படுவார். தவத்தின் ஒரே இசைத்தட்டு 1966இல் வந்தது. ஐந்தைக் கூட்டினால் 1971.

“தேதி மட்டும் இன்னும் முடிவாகேல்லை,” என்றான் அவன். “கொமிட்டியில ரெண்டு கருத்து இருக்குது.”

தவமலரின் பேச்சில் நியாயம் இருப்பதாக எழுதி, கையெழுத்து வைத்து, அந்தத் தாளை மறைந்தோர் பிரிவின் பைலிலேயே போட்டான்.

மூன்று வாரம் கழித்து மையத்தின் தலைவர் சேகரிடமிருந்து அழைப்பு வந்தது. சேகர் திருச்சிக்காரர். நகரத்தில் ஒரு பெரிய நிதி நிறுவனத்தில் வேலை. மாலைகளிலும் வார இறுதிகளிலும் தமிழ்ப் பண்பாட்டுக்காக உழைப்பவர். தவமலருக்குத் தன் கையாலேயே தேநீர் ஊற்றிக் கொடுத்தார். அறைச் சுவரில் மூன்று விருதுகள் இருந்தன. மூன்றும் தவத்தைக் கண்டெடுத்ததற்காகச் சேகருக்குக் கிடைத்தவை.

“அம்மா, நீங்க வந்தது எனக்குத் தனிப்பட்ட முறையில ரொம்ப சந்தோஷம். நிஜமா சொல்றேன். நீங்க சொல்றது உண்மையாக்கூட இருக்கலாம். நான் உண்மைக்கு எதிரி கிடையாது. ஆனா உண்மைக்கும் ஒரு நடைமுறை இருக்கில்லையா?”

“நான் நடைமுறைக்குக் குறுக்க நிக்கேல்லை. ஒரு பொத்தான்தான்...”

“பாருங்க, எங்களுக்கு நிதி குடுத்த திட்டத்தோட பேரு ‘இழந்த குரல்கள்’. இழந்த. அந்தக் குரல் தோர்ண்டன் ஹீத்துல இருந்து ரயில் புடிச்சு வந்து டீ குடிக்குதுன்னா, நாங்க என்னத்த இழந்தோம்னு கேப்பாங்க. நாப்பது பேரு கஷ்டப்பட்டு இழந்திருக்கோம் அம்மா.”

தவமலர் தேநீரைக் கீழே வைத்தார்.

“இன்னொண்ணும் வெளிப்படையா சொல்லிடறேன்,” சேகர் முன்னால் சாய்ந்தார். “உயிரோட இருக்கிற கலைஞர்களோடயும் நான் வேலை பாத்திருக்கேன். மேடையில யார் பக்கத்துல சீட்டுன்னு கேப்பாங்க. பேச்சைக் குறைக்கச் சொன்னா கோவிச்சுக்குவாங்க. தவம் சாரோட நாலு வருஷமா வேலை செய்யறேன். ஒருநாள் எங்கிட்ட முகம் சுளிச்சதில்ல. நான் எழுதின எதையும் மறுத்ததில்ல. அப்படி ஒரு பெருந்தன்மை. அந்த மாதிரி மனுஷனை இனிமே பாக்க முடியுமா?”

அவருக்குக் கண் கலங்கியது. தவமலர் தன் கைக்குட்டையை நீட்டினார்.

ஆனாலும் சேகர் நேர்மையானவர் என்பதால், அறிவியல் முறைப்படி ஒரு தேர்வு வைக்க ஒப்புக்கொண்டார். தேர்வை நடத்தியவர் முனைவர் லலிதா. தவத்தின் ஏழு பாட்டுகளைப் பற்றி எழுநூறு பக்கம் எழுதியவர். அவற்றில் ஆறு பாட்டுகள் கிடைக்கவில்லை என்பது ஆய்வின் பெரும்பகுதி.

இருபது கேள்விகள். தேறுவதற்குப் பன்னிரண்டு வேண்டும்.

“எட்டுப் பத்து எதைக் குறிக்கிறது?” லலிதா கேட்டார்.

“ரெயிலை. காலமை எட்டுப் பத்துக்கு வாறது.”

லலிதா பிரவீணனைப் பார்த்தார். பிரவீணன் தலையைக் குனிந்துகொண்டு குறித்தான்.

“எட்டு திசைகள். பத்து அவதாரங்கள். பிரபஞ்சத்தையும் தெய்வத்தையும் பாத்து ஒரு மனுஷன் நில்லுன்னு சொல்றான். பரவாயில்ல, அடுத்தது. சட்டிக்குப் பொத்தல் இல்லை. இந்த உருவகத்தை விளக்குங்க.”

“அது பிழை பிள்ளை. சட்டைக்குப் பொத்தான் இல்லை எண்டுதான் நான் எழுதினனான். ரைப்றைற்றரில ஏ இறுகிப் போச்சு. அந்தப் பெடியனுக்குத் தமிழ் தெரியாது.”

லலிதாவின் முகம் மாறியது. கோபம் இல்லை, ஒரு வைத்தியர் கெட்ட செய்தி சொல்வதற்கு முன் வரும் முகம்.

“அம்மா, என் ஆய்வுல நாலாவது அத்தியாயம் முழுக்க இந்தச் சட்டிதான். பொத்தல் இல்லாத சட்டின்னா பூரணம். எதுவும் ஒழுகாது. அப்ப கவிஞன் எதுக்கு ஓடறான்? பூரணத்தை விட்டு ஓடறான். இந்த ஒரு வரிக்காகப் பதினோரு பேர் பட்டம் வாங்கியிருக்காங்க. நீங்க இதைப் பொத்தான்னு சொன்னா, மரியாதையோட சொல்றேன், நீங்க தவத்தைப் புரிஞ்சுக்கல.”

“நான் புரிஞ்சுகொள்ளத் தேவையில்லைப் பிள்ளை. நான் எழுதினனான்.”

“எழுதறவங்களுக்குத்தான் கடைசியா புரியும். இது எங்க துறையில அடிப்படை.”

தவமலர் இருபதுக்கு ஐந்து எடுத்தார். கேள்வித்தாள் நியாயமானதா என்று ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அதே தேர்வைச் சேகரும் எழுதினார். அவருக்குப் பதினெட்டு.

எழுத்துத் தேர்வில் தவறியவர்களுக்குச் செயல்முறைத் தேர்வு ஒன்று உண்டு. தவத்தின் பாணியில் புதிதாக ஒரு பாட்டு எழுதித் தரவேண்டும். தவமலர் அதைக் கேட்டுக் கோபப்பட்டிருக்கலாம். ஆனால் வீட்டுக்கு வரும் ரெயிலில், நோர்வூட் ஜங்ஷன் தாண்டுவதற்குள், அவர் விரல்கள் கைப்பையின் மேல் தாளம் போடத் தொடங்கிவிட்டன. ஐம்பத்தெட்டு வருடம் கழித்து அவரை யாரோ பாட்டுக் கேட்டிருக்கிறார்கள். நான்கு நாள் அவர் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. யோகராஜா சமையலறைக்குள் வந்தால், “பொறு, பொறு” என்று கையைக் காட்டினார். ஐந்தாம் நாள் காலை தம்பியை இருத்தி, கரண்டியால் மேசையில் தட்டிப் பாடிக் காட்டினார்.

மூக்குக் கண்ணாடி எங்கே? அடி
மூக்கு மேலே, மூக்கு மேலே!
பஸ்சுப் பாஸ் எங்கே? அது
பைக்குள்ளே, பைக்குள்ளே!
நான் எங்கே, நான் எங்கே?
நாலு பேரைக் கேட்டுப் பாரு!

யோகராஜாவின் கால் தன்பாட்டில் ஆடியது. “அக்கா,” என்றார், “பழையதைவிட இது திறம்.”

தவமலர் சிரித்தார். அந்த வருடத்தில் அவர் உண்மையாகச் சந்தோஷப்பட்டது அந்தக் காலைதான் என்று பிறகு நினைத்துக்கொள்வார்.

கொமிட்டியின் முடிவு அரைப் பக்கத்தில் வந்தது. விண்ணப்பதாரரின் பாடல் திறமையான போலி. தாளக்கட்டு தவத்துடையதை நெருங்குகிறது. ஆனால் தவத்தின் இளமைத் துடிப்பு இல்லை, ஆண்மைக் குரல் இல்லை. மேலும் தவம் ஒருபோதும் மூக்குக் கண்ணாடி அணிந்ததாகச் சான்று இல்லை. பாடல் மையத்தின் சொத்தாக, போலிகள் பிரிவில் பாதுகாக்கப்படும்.

அதற்குப் பிறகுதான் யோகராஜா சாட்சி சொல்லப் போனார். கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு, ஒரு பெட்டி பிஸ்கட்டோடு போனார். “நான் சொன்னா நம்புவினம், அக்கா. நான் கண்ணால கண்டனான். சின்ன வயசில நீங்கள் எழுதினதைப் பாடமாக்கினது நான்தானே.”

நம்பினார்கள். ஒரே நாளில் நம்பினார்கள். பிறப்புச் சான்றிதழ், அப்பாவின் பெயர், வெள்ளவத்தை முகவரி எல்லாம் இசைத்தட்டுக் கம்பனியின் பழைய பேரேட்டோடு பொருந்தின. யோகராஜா தவத்தின் உடன்பிறந்த தம்பி என்று மையம் ஏகமனதாக உறுதி செய்தது. அவருக்குக் கழுத்தில் மாட்டும் அடையாள அட்டை ஒன்று கொடுத்தார்கள். “தவம் குடும்பத்தினர்.”

“அப்ப நான் ஆரெண்டு கேக்கேல்லையோ?” என்றார் தவமலர்.

“கேட்டவை. அக்கா எண்டு சொன்னனான். அதை வேற விண்ணப்பப் பாரத்தில எழுதவேணுமாம்.”

பிறகு யோகராஜா அடிக்கடி வால்தம்ஸ்டோ போனார். நினைவுகளைப் பதிவு செய்கிறார்களாம். யோகராஜா முப்பது வருடம் பெற்றோல் நிலையத்தில் கண்ணாடிக்குப் பின்னால் நின்றவர். அந்த முப்பது வருடத்தில் மனிதர்கள் அவரிடம் பேசியது பம்ப் இலக்கம் மட்டுந்தான். இப்போது மூன்று பேர் ஒலிவாங்கியோடு அவர் முன்னால் உட்கார்ந்து, “பிறகு ஐயா? பிறகு?” என்று கேட்டார்கள். அவர் புதுச் சட்டை வாங்கினார். தலைக்கு மை பூசினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வானொலியில் பேசினார். தவமலர் மீன் வெட்டிக்கொண்டே கேட்டார்.

“எங்கட அண்ணை நல்ல உயரம்,” என்றது யோகராஜாவின் குரல். “ரெயிலுக்கு ஓடேக்க ஒருத்தராலும் பிடிக்கேலாது.”

தவமலர் கத்தியை வைத்தார். தம்பி வந்து சப்பாத்தைக் கழற்றும்வரை சமையலறையிலேயே நின்றார்.

“நீ என்னை எப்ப அண்ணை ஆக்கினனீ?”

யோகராஜா கழற்றிய சப்பாத்தை ஒழுங்காக அடுக்கி வைத்தார். பிறகு கதிரையில் உட்கார்ந்தார்.

“நான் அக்கா எண்டுதான் சொன்னனான். முதல்தரம் சொன்னவுடன பதிவை நிப்பாட்டிப்போட்டு, ‘ஐயா, தண்ணி குடியுங்கோ’ எண்டாங்கள். குடிச்சுப்போட்டு அக்கா எண்டன். திரும்ப நிப்பாட்டித் தண்ணி தந்தாங்கள். ஆறு தரம் அக்கா. ஆறு கிளாஸ் தண்ணி. ஏழாம் தரம்...” அவர் கையை விரித்தார். “எனக்கு இனிக் குடிக்கேலாமப் போச்சுது அக்கா.”

“உயரம் எண்டும் சொன்னனீ.”

“அதை அவையள் கேக்கேல்லை,” யோகராஜா தரையைப் பார்த்துச் சொன்னார். “அதை நானாத்தான் சொன்னனான். அவையள் அவ்வளவு ஆசையாக் கேட்டுக்கொண்டிருந்தவை.”

தவமலர் மீன் கழுவப் போய்விட்டார். தம்பியைத் திட்ட அவருக்கு வாய் வரவில்லை. தன்னைப் பற்றி அவ்வளவு ஆசையாகக் கேட்டுக்கொண்டிருந்தவர்களின் முகங்களைத்தான் அவர் நினைத்துப் பார்த்தார்.

விழா கார்த்திகை மாதம், ஒரு பெரிய மண்டபத்தில் நடந்தது. யோகராஜாவுக்கு முன்வரிசையில் இடம். தவமலருக்கு அவருடன் வருபவர் என்ற அனுமதிச் சீட்டு, பதினேழாம் வரிசை. மேடையில் திரை விலகியது. தவத்தின் திருவுருவப் படம். நிழற்படம் எதுவும் கிடைக்காததால், யோகராஜாவின் முகத்தை வைத்து, இளமையாக்கி, மீசை சேர்த்து, கணினியில் செய்திருந்தார்கள். நல்ல லட்சணமான இளைஞன். மண்டபம் எழுந்து நின்று ஒரு நிமிடம் மௌனம் காத்தது. தவமலரும் எழுந்து நின்றார். எல்லாரும் நிற்கும்போது உட்கார்ந்திருப்பது மரியாதையில்லை.

சேகர் நாற்பது நிமிடம் பேசினார். “தவம் சாரைப் பாக்கற பாக்கியம் நமக்குக் கிடைக்கல,” என்றார். “ஒருவேளை கிடைச்சிருந்தா, அவரை இந்த அளவுக்கு நேசிச்சிருப்போமான்னு நான் அடிக்கடி யோசிக்கிறேன். ஒரு கலைஞனுக்கு நாம செய்யக்கூடிய உச்சபட்ச மரியாதை, அவன் குறுக்க வராத இடத்துல அவனை வைக்கிறதுதான்.” நீண்ட கைதட்டல்.

கடைசியில் சபையோர் கருத்துக்காக ஒலிவாங்கி வரிசை வரிசையாக வந்தது. பதினேழாம் வரிசையில் தவமலர் கையை உயர்த்தினார். முதலில் ஒரு தொண்டர் ஓடிவந்து அவரைக் கழிப்பறைப் பக்கம் கூட்டிக்கொண்டு போகப் பார்த்தார். அதைச் சமாளித்து ஒலிவாங்கியைப் பிடித்தார்.

“நான்தான் தவம்,” என்றார். “நான் சாகேல்லை.”

முன்வரிசையில் யோகராஜா திரும்பிப் பார்த்தார். அவர் எழும்ப முயன்றார். அடையாள அட்டையின் நாடா கதிரைக் கையில் மாட்டிக்கொண்டிருந்தது. அதற்குள் மேடையில் சேகர் இரண்டு கைகளையும் நெஞ்சில் வைத்துவிட்டார்.

“கேட்டீங்களா?” அவர் குரல் தழுதழுத்தது. “கேட்டீங்களா? ‘நான்தான் தவம். நான் சாகல.’ நாப்பது நிமிஷம் நான் பேசினதை இந்தத் தாய் ரெண்டு வரியில சொல்லிட்டாங்க! தவம் நம்ம ஒவ்வொருத்தருக்குள்ளயும் வாழறார்!”

கூரை அதிரக் கைதட்டினார்கள். பக்கத்தில் இருந்த பெண் தவமலரைக் கட்டிப்பிடித்து அழுதார். முன்னால் இருந்தவர் கைபேசியில் படம் எடுத்தார். யோகராஜா நாடாவைக் கழற்றி எழுந்து நின்றபோது எல்லாரும் எழுந்து நின்றிருந்ததால் அவர் என்ன சொன்னார் என்று ஒருவருக்கும் கேட்கவில்லை. அடுத்த மாதம் மையத்தின் செய்திமடல் முகப்பில் அந்த இரண்டு வரிகளும் வந்தன. கீழே, “ஓர் எளிய ரசிகை.”

போலி என்ற முடிவுக்கு எதிராகத் தவமலர் போட்டிருந்த மேன்முறையீட்டின் இறுதி முடிவு தை மாதம் வந்தது. பிரவீணன் அதைத் தபாலில் போடாமல், இரண்டு ரெயில் மாறி, தானே கொண்டுவந்தான். வாசலில் நின்றபடி கொடுத்தான். உள்ளே வர மறுத்துவிட்டான். கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது. எனினும் பாடல்களில் விண்ணப்பதாரருக்குள்ள அசாதாரணமான பரிச்சயத்தைக் கருத்தில் கொண்டு, தவம் நிரந்தரக் கண்காட்சியில் தொண்டர் வழிகாட்டியாகச் சேவையாற்ற அவர் அழைக்கப்படுகிறார். செவ்வாய், வியாழன். எழுதிக் கொடுத்ததை மட்டும் சொல்லவேண்டும்.

“நீங்கள் ஏலாதெண்டு எழுதினா நான் குறை நினைக்கமாட்டன் அன்ரி,” என்றான் பிரவீணன். “நான் உங்களை நம்புறன். முதல்நாளே நம்பினனான்.”

“அப்ப ஏன் தம்பி ஒண்டும் செய்யேல்லை?”

“நம்புறதுக்கு எங்களிட்டப் பாரம் இல்லை அன்ரி,” என்றான். அவன் பகிடி விடவில்லை.

யோகராஜா, “போகாதேங்கோ அக்கா,” என்றார். விழாவுக்குப் பிறகு அவர் வால்தம்ஸ்டோவுக்குப் போகவில்லை. அடையாள அட்டையைக் குப்பைக்குள் போட்டுவிட்டார். பதிவுகள் ஏற்கெனவே போதுமான அளவு இருந்ததால் மையம் அவரைத் தேடவும் இல்லை. தலை மறுபடி நரைத்தது. பின்னேரங்களில் அவர் அக்காவுக்குத் தேநீர் வைத்துக் கொடுப்பார். இருவரும் பாட்டைப் பற்றித் தவிர மற்றெல்லாவற்றையும் பேசுவார்கள்.

தவமலர் போனார். ஏன் போனார் என்று கேட்டவர்களுக்கு, வீட்டில் ஹீற்றர் போட்டால் செலவு கட்டாது என்று சொன்னார். உண்மையில் அந்த அறையில் காலை பத்திலிருந்து நாலு வரை பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. உலகத்தில் வேறெங்கும் அது அப்படி ஓடவில்லை. நீல மேலங்கியும் சட்டிச் சின்னம் குத்திய பட்டையும் கொடுத்தார்கள். அவர் எழுதிக் கொடுத்ததைத் திருத்தமாகச் சொன்னார். எட்டுத் திசைகளைச் சொன்னார். பத்து அவதாரங்களைச் சொன்னார். பார்வையாளர் புத்தகத்தில் வழிகாட்டியைப் பாராட்டி எழுதினார்கள். லலிதா ஒரு நாள் வந்து, பின்னால் நின்று கேட்டு, “இப்ப உங்களுக்குத் தவம் புரிய ஆரம்பிச்சிருக்காரு,” என்று தோளில் தட்டிவிட்டுப் போனார்.

மாசி மாதம் ஒரு வியாழக்கிழமை. வெளியே மழை, அறையில் ஒரே ஒரு பார்வையாளர். சவுத்தாலிலிருந்து வந்த ஐம்பது வயதுப் பெண், கம்சிகா என்று பெயர் சொன்னார். அவசரமில்லாதவர். படத்தை நெடுநேரம் பார்த்தார். பாட்டை மூன்று தரம் கேட்டார். மூன்றாம் தரம் அவரது கால் ஆடியது.

“நல்லாத்தான் எழுதியிருக்கிறார் என்ன?”

“ஓம்,” என்றார் தவமலர்.

“இன்னும் கொஞ்சக் காலம் இருந்திருந்தா எவ்வளவு எழுதியிருப்பார்.”

கம்சிகா படத்துக்குக் கீழே இருந்த வருடங்களை வாசித்தார். மனதுக்குள் கழித்துப் பார்த்து, உச்சுக்கொட்டினார்.

“இளம் வயசு. அம்மா, இவர் எப்பிடிச் செத்தவர்?”

எழுதிக் கொடுத்ததில் அது இல்லை. தவமலர் தாளைப் புரட்டிப் பார்த்தார், மறுபக்கமும் பார்த்தார். பிறகு தாளை மடித்து மேலங்கிப் பைக்குள் வைத்தார்.

“ஆறுதலாத்தான் பிள்ளை,” என்றார். “கொஞ்சம் கொஞ்சமா. நல்ல ஆறுதலா.”